செயலருக்காக நான் எழுதிய ஜெபக் குறிப்பு

இந்தக் கட்டுரையில் யாருடைய பெயரும் வராது. நாகரிகம் கருதி அல்ல. பெயர் சொல்லாமலே ஒரு மனிதனை நடுத்தெருவில் நிறுத்தும் கலையை எங்கள் சபைச் செயலரிடம் கற்றுக்கொண்டேன். அதை அவர் மேலேயே பிரயோகித்துப் பார்க்கும் ஆசைதான் காரணம்.

எங்கள் சபை மும்பை தாராவியில் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். பாட்டு, வேத வாசிப்பு, போதகரின் சின்னப் பிரசங்கம், கடைசியில் ஜெபக் குறிப்புகள். ஒருவர் எழுந்து இன்னாருக்கு உடம்பு சரியில்லை, இன்னாருக்கு வேலை வேண்டும் என்பார். எல்லோரும் முழங்காலிட்டு அதற்காக ஜெபிப்போம். இந்த வழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். என் மனைவி அறுவை சிகிச்சைக்குப் போன வாரம் அந்த முழங்கால்கள்தான் என்னைத் தாங்கின.

ஆனால் பாவம் சம்பந்தப்பட்ட குறிப்பென்றால் ஒரு விதி உண்டு: பெயர் சொல்லக் கூடாது. "நம்ம சபையில ஒரு சகோதரன்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பெயரைத் தவிர பாக்கி எல்லாவற்றையும் சொல்லலாம். எந்தப் பேட்டை, எத்தனையாவது மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா என்பது வரைக்கும்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தக் கூட்டம் செம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது. ஹாலில் முப்பது பேர். செயலர் என் மனைவி சுட்ட உளுந்தவடையில் நாலு சாப்பிட்டார். ஐந்தாவதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நம்ம சபையில ஒரு சகோதரன். செம்பூர்ல இருக்காரு. பேப்பர்ல தமாஷா எழுதுவாரு. அவருக்கு ஒரே மக. அந்தப் புள்ள வாஷியில ஒரு மராட்டிப் பையனோட, கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்லாம, ஒரே வீட்டுல குடியிருக்குன்னு கேள்விப்படுதோம். பேரு சொல்ல விரும்பல. புள்ளைய வளத்ததுல எங்க தவறுனோம்னு அந்தத் தகப்பனுக்குக் கர்த்தர் உணர்த்தணும்."

எங்கள் சபையில் செம்பூரில் இருந்துகொண்டு தமாஷாக எழுதுகிறவன் ஒருவன்தான். என் தமாஷைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. என் முகவரியைப் பற்றி இல்லை.

முப்பது பேரும் முழங்காலிட்டார்கள். நானும்தான். வேறென்ன செய்வது, என் வீடு. பக்கத்தில் காது மந்தமான பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"யாருக்குடே இப்ப ஜெபம்?"

"எனக்குத்தான் பெரியவரே."

"அப்பிடியா? அப்ப நல்லாச் சத்தமா ஜெபி."

செயலர் சொன்ன தகவலில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மகள் எங்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. குடிபோகும் முன்பே அவளே வந்து உட்கார்ந்து சொன்னாள். "ப்பா, ரூம்மேட் அது இதுன்னு கதை விட எனக்குப் பிடிக்கல. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கப்போறோம். ஷாதி, கல்யாணமெல்லாம் இப்ப இல்ல."

அந்த உண்மை சொல்லும் வியாதி அவளுக்கு என்னிடமிருந்து ஒட்டியது. இருபத்தைந்து வருடமாக ஆபீஸ் பார்ட்டிகளில் நான் எலுமிச்சை சோடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "அரே, ஏக் பெக் மே க்யா ஹோதா ஹை?", ஒரு பெக்கில் என்ன ஆகிவிடும் என்று கேட்டவர்களில் மூன்று மேனேஜர்கள் ஓய்வே பெற்றுவிட்டார்கள். ஒருமுறை கிரிக்கெட் பார்ப்பதற்கு லீவு வேண்டியிருந்தது. மற்றவர்களெல்லாம் காய்ச்சல் என்று எழுதினார்கள். நான் காரணம் என்ற இடத்தில் கிரிக்கெட் என்று எழுதினேன். லீவு கிடைக்கவில்லை. அந்த விண்ணப்பம் மட்டும் வெகுநாள் நோட்டீஸ் போர்டில் இருந்தது. பொய் சொல்லாதே, குடிக்காதே, அடுத்தவன் மனைவியைப் பார்க்காதே. கடைசியது எனக்குச் சுலபம். அடுத்தவர் மனைவியரும் என்னைப் பார்ப்பதில்லை. ஊர் எக்கேடு கெட்டாலும் நம் வீட்டில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்று நினைத்து வாழ்ந்தவன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்வது சரியென்று என் வாயிலிருந்து வராது.

ஆகவே மகளிடம் சொன்னேன். "கல்யாணம் ஆகுறவரைக்கும் அந்த வீட்டு வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

"டீக் ஹை ப்பா, சரி," என்றாள். "வாசல் அங்கதான் இருக்கும்."

செம்பூரிலிருந்து வாஷி மூன்றாவது ஸ்டேஷன். கோவண்டி, மான்குர்த், அப்புறம் கழிமுகத்துப் பாலம், அவ்வளவுதான். ஒன்றரை வருடம் நான் அந்த ரயிலில் ஏறவில்லை. என் மனைவி ஏறினாள். என்னிடம் சொல்லிக்கொள்ள மாட்டாள். அலமாரியில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் காணாமல் போகும். வீட்டில் மீன்குழம்பு வாசனை மட்டும் இருக்கும், குழம்பு இருக்காது. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கொள்கைவாதிக்கு அந்த மாதிரி நாட்களில் ரசம்.

என் கொள்கை என்னை மகளிடமிருந்து பிரித்தது. செயலரிடமிருந்து பிரிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு நேர் பின் வரிசையில் உட்கார்ந்தேன். பகைவனுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கட்டளை, ஜெபித்தேன். அவர் அறிவிப்பு வாசிக்கும்போது மைக் ஊளையிட வேண்டும் என்று ஜெபித்தேன். சபை விருந்தில் அவர் தொண்டையில் ஒரு மீன் முள், சின்ன முள், சாகாத அளவுக்கு மாட்ட வேண்டும் என்று ஜெபித்தேன். பாட்டு நேரத்தில் அவர் காதுக்கு அரை அடி தூரத்தில் வேண்டுமென்றே சுருதி பிசகிப் பாடினேன். அவர் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி மேல இன்னைக்கு ஆவி நல்லா இறங்கியிருக்கு" என்றார். பழிவாங்கலில் இதைவிடக் கேவலமான தோல்வி கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள், மனைவி டப்பாக்களைக் கழுவிக்கொண்டே தன்னை அறியாமல் சொன்னாள்.

"பாவம், அந்தப் புள்ளைகளும் நம்ம வீட்டுக் குழம்புதான் சாப்பிடுது. எதுத்த பில்டிங்குல சமைக்கத் தெரியாம ரெண்டும் முழிக்கு."

"எந்தப் புள்ளைக?"

குழாயை நிறுத்தினாள். ரொம்ப நேரம் ஒரு மூடியைத் துடைத்தாள். நான் விடவில்லை. கடைசியில் வந்தது: வாஷியில் மகள் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் குடியிருப்பவன் செயலரின் ஒரே மகன். கூட ஒரு பெண். கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை.

செயலரோ வாராவாரம் சபையில், மகன் புனேயில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கிறான் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்!

(அந்தப் பையனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "போடுங்க அங்கிள். போன மாசம் நானே அப்பாகிட்ட எல்லாருக்கும் தெரியட்டும்னு சொல்லிட்டேன்" என்றான். அவனுக்கும் அப்பாவோடு ஏதோ கணக்கு பாக்கி இருக்கிறது போலிருக்கிறது.)

அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைப்பானேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பூரிக்கவில்லை; இதை மனைவியும் ஒப்புக்கொள்வாள். ஆனால் ஒரு சிக்கல். இரண்டு சாட்சிகள் இல்லாமல் யார் மேலும் குற்றம் சுமத்தக் கூடாது என்பது வேதம் படித்தவனுக்குத் தெரியும். மனைவி ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாஷி ரயிலில் ஏறினேன். பெற்ற பாசம் ஒன்றரை வருடமாக ஏற்ற முடியாத ரயிலில் பகை என்னைச் சவரம் செய்து, சட்டை இஸ்திரி போட்டு ஏற்றிவிட்டது. பாலத்தின் மேல் போகும்போது காற்று சுகமாக இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

எதிர்க் கட்டடத்தின் கேட் அருகே காய்கறி வண்டி ஒன்று நின்றது. வெண்டைக்காய் பொறுக்குகிற பாவனையில் நின்றேன். ஒவ்வொன்றாக நுனி ஒடித்தேன். வண்டிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாப், லேனா ஹை யா இண்டர்வியூ லேனா ஹை?" என்றார். காயை வாங்கப்போகிறேனா, பேட்டி எடுக்கப்போகிறேனா என்று அர்த்தம். வாட்ச்மேன் வந்து யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அதற்குமேல் அவர் என்னைவிட்டு நகரவில்லை.

"ப்பா!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மாடி பால்கனியில் என் மகள். அடுத்த நிமிடம் கீழே நின்றாள். தலை வாரவில்லை. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் யாரோ ஆம்பிளைச் செருப்பு. என் கையிலிருந்த வெண்டைக்காயைப் பிடுங்கி வண்டியில் போட்டாள்.

"வந்துட்டீங்களா? நெஜமாவே வந்துட்டீங்களா?"

லிஃப்டில் என் கையை விடவில்லை. எட்டு வயதில் தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் பிடித்தது மாதிரிப் பிடித்திருந்தாள். கால் வைக்க மாட்டேன் என்று சபதம் செய்த வாசலை எப்போது தாண்டினேன் என்று எனக்கே தெரியாது.

மராட்டிப் பையன் "வாங்க அங்கிள், உக்காருங்க" என்றான். பல நாள் ஒத்திகை பார்த்த தமிழ். டீ போட உள்ளே ஓடினான். சமையல் மேடையில் எங்கள் வீட்டு டப்பாக்கள் இரண்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே அந்தக் கட்டடம். அதன் பால்கனியில் செயலரின் மகன் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். போனை எடுத்தேன். ஒரு படம்.

மகள் என் பக்கத்தில் வந்து நின்று, நான் பார்த்த திசையில் பார்த்தாள். அவள் என் மகள். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ப்பா, என்னைப் பாக்கத்தானே வந்தீங்க?"

ஆமாம்மா என்று ஒரு வார்த்தை. உலகத்தில் எந்தத் தகப்பனும் அதைச் சொல்லியிருப்பான். பார்ட்டியில் குடிக்கிறவன், காய்ச்சல் என்று எழுதுகிறவன், எல்லா அயோக்கியனும் அந்த இடத்தில் நல்ல தகப்பனாகியிருப்பான்.

"இல்லம்மா," என்றேன்.

பையன் டீயோடு வந்து நின்றான். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் டிரேயைப் பார்த்தான். எனக்குக் குடிக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். மகள் லிஃப்ட் வரை வந்தாள். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு.

"எதுத்த வீட்டுக்காரன் என் ஃபிரெண்ட். நான் இங்க தனியா ஜுரத்துல கிடந்தப்ப அவங்கதான் பாத்துக்கிட்டாங்க. அந்த அங்கிள் நம்ம வீட்டுல பண்ணதை நீங்க அவங்க வீட்டுல போய்ப் பண்ணீங்கன்னா, அதோட முடிஞ்சுது ப்பா, ஓவர். அம்மாகிட்ட டப்பாகூடக் குடுத்து அனுப்பாதீங்க."

திரும்பும்போது பாலத்தில் படத்தைப் பார்த்தேன். காற்றில் பறந்த ஒரு துப்பட்டா, பாதி ஜன்னல் கம்பி, மீதி என் கட்டைவிரல். ஆதாரம் என்று எடுத்துக்கொண்டால் அது என் மேல்தான் குற்றம் சாட்டியது.

திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இரண்டு வாரம் கழித்து ஜெபக் கூட்டம் ஆண்டாப் ஹில்லில், செயலர் வீட்டிலேயே. அதற்காக ஒரு ஜெபக் குறிப்பு எழுதினேன். பதினோரு முறை திருத்தினேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் ஆகச் சிறந்த உரைநடை அதுதான். அவர் என் வீட்டில் சொன்ன வாக்கியங்களை அப்படியே வைத்து, ஊரையும் ஆளையும் மட்டும் மாற்றியிருந்தேன். "வளத்ததுல எங்க தவறுனோம்" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெருகு.

பஸ்ஸில் மனைவி என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அது என்ன கடுதாசி?"

"ஜெபக் குறிப்பு."

"யாருக்கு?"

நான் வெளியே பார்த்தேன். அவள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவ ரெண்டு வாரமா எனக்கும் போன் எடுக்கல" என்றாள்.

செயலர் வாசலிலேயே நின்று வரவேற்றார். "தோத்திரம் அண்ணாச்சி. மக சேதி ஏதும் உண்டா? நாங்க தெனமும் ஜெபிக்கோம்."

"உங்க மகன் எப்படி இருக்கான்?"

"கர்த்தர் கிருபையில புனேயில நல்லா இருக்கான். ஞாயித்துக்கிழம தவறாமச் சபைக்குப் போறான்."

சுவரில் பட்டமளிப்பு அங்கியில் அந்தப் பையனின் படம். என் விரல் சட்டைப்பையில் காகிதத்தைத் தொட்டது. பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. எதைப் பற்றிய பிரசங்கம் என்று கேட்காதீர்கள். போதகர் "ஜெபக் குறிப்பு உள்ளவங்க சொல்லலாம்" என்றதும் எழுந்தேன்.

"நம்ம சபையில ஒரு சகோதரன்," என்றேன். "பேரு சொல்ல விரும்பல. அவருக்கு ஒரே ஒரு புள்ள. அந்தப் புள்ள, வாஷியில..."

நிறுத்தினேன்.

காகிதத்தில் அந்த இடத்தில் நிறுத்தம் இல்லை. செயலரின் முகம் நிறுத்தியது. தெரியாதவன் முகம் அல்ல அது. வெகுநாளாகத் தெரிந்து, இந்தச் சனிக்கிழமைக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் பயந்துகொண்டிருந்தவனின் முகம். அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி டம்ளர்கள் வைத்த தட்டோடு நின்றிருந்தார்.

தமாஷ் சொல்லும்போது எங்கே எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் நான். ஏழு வரை எண்ணினேன். நிதானமாக. ஒன்று, இரண்டு. மூன்றில் அவர் நெற்றி வேர்த்தது. ஐந்தில் கை நாற்காலி முதுகைத் தேடியது. என் ஹாலில் அவர் பாதி வைத்துவிட்டுப் போன ஐந்தாவது வடை ஞாபகம் வந்தது. ஆறு. அந்த ஏழு எண்ணிக்கையும் எனக்குத் தித்தித்தது. இதை எழுதும்போதும் தித்திக்கிறது. மன்னிப்புக் கேட்க முயன்று பார்த்தேன். நாக்கில் இனிப்பு இருக்கும்போது வரவில்லை.

ஏழில் மனைவியைப் பார்த்தேன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதற்குள் ஒரு டப்பா இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கூட்டம் முடிந்து நேரே போவதாக எண்ணம் போலும், கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும்.

"அந்தப் புள்ள வாஷியில இருக்கு," என்றேன். "மூணாவது ஸ்டேஷன். அந்தத் தகப்பன் ஒன்றரை வருஷமா போய்ப் பாக்கல. போன அன்னைக்கும் புள்ளையப் பாக்கப் போகல, வேற ஒருத்தர வேவு பாக்கப் போனாரு. அது அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப அது பேச மாட்டேங்குது. அவருக்காக ஜெபிக்கணும். பேரு சொன்னா என்ன, நான்தான்."

எல்லோரும் முழங்காலிட்டோம். காது மந்தமான பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"இன்னைக்கும் உனக்குத்தானாடே?"

"ஆமா பெரியவரே."

"உனக்கு ஒரு தடவை பத்தாது போல."

வீட்டுக்காரர்தான் முதலில் ஜெபிக்க வேண்டும் என்பது வழக்கம். செயலர் போதகருக்குச் சைகை காட்டினார். போதகர் முடித்துவைத்தார். புறப்படும்போது செயலர் வாசலில் என் கையைப் பிடித்தார். ஈரமான கை. "அண்ணாச்சி, அன்னைக்கு உங்க வீட்டுல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார். காத்திருந்தேன். பின்னால் யாரோ செருப்புத் தேடி வந்தார்கள். "தெனமும் ஜெபிக்கோம்" என்று முடித்துக் கையை விட்டுவிட்டார்.

அந்த முதல் வாக்கியத்தை அவர் அன்று முழுதாகச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

மனைவியின் டப்பாவை நான் வாங்கிக்கொண்டேன். கிங்ஸ் சர்க்கிளில் அவளை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, குர்லா போய், வாஷி ரயில் பிடித்தேன். மணி அடித்ததும் மகள்தான் கதவைத் திறந்தாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு யாரை வேவு பாக்க?"

கூட்டத்தில் நடந்ததை வாசலிலேயே நின்று சொன்னேன். எண்ணியதையும் சேர்த்து. சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"ஏழு வரைக்குமா எண்ணுனீங்க?"

"ஏழு."

"ப்பா, அது பாவம்."

"தெரியும்."

"வருத்தமா இருக்கா?"

"இன்னும் இல்ல."

அவள் உள்ளே திரும்பிப் போனாள். கதவைச் சாத்தவில்லை. ஹாலின் அந்தக் கோடிக்குப் போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் சரி பார்த்தாள். பிறகு நாற்காலியை எடுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். பையன் டீ கொண்டுவந்தான். இந்த முறை குடித்தேன். அவன் எதிரில் நின்று, தன் அடுத்த தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் சேர்த்துக் கோத்துவிட்டுக் கேட்டான்.

"டீ எப்படி இருக்கு, அங்கிள்?"

மகள் சுவரில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சி அதிகம்," என்றேன்.